பெரியாற்றுக் காட்டில் வழி திறந்த பென்னிகுயிக்

கம்பத்தினின்று தென்மேற்கே கூடலூரைக் கடந்து செல்லும் சாலை, லோயர் கேம்ப் என்னும் சிற்றூரில் மலையடிவாரத்தைத் தொட்டு, அங்கிருந்து வளைந்து வளைந்து குமுளிக்கு ஏறுகின்றது. ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரிகளும் பேருந்துகளும் ஓயாது செல்லும் அவ்வழியில் போவோருள், லோயர் கேம்ப் என்னும் அப்பெயர் எங்ஙனம் வந்ததென எண்ணிப் பார்ப்பார் சிலரே. பெரியாற்று அணை கட்டிய காலத்தில் மலையின் கீழே அமைந்திருந்த வேலையாட்களின் முகாமே அது. முகாம் கலைந்து நூறாண்டுகளுக்கு மேலாயின; பெயர் மட்டும் ஊராகி நின்றுவிட்டது. அம்முகாமை அங்கே இறக்கியவரும், அதற்கு மேலே உள்ள பெருங்காட்டினுள் ஆயிரக்கணக்கான மக்களை இட்டுச் சென்றவரும் ஆகிய கர்னல் ஜான் பென்னிகுயிக் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். நம் மாணவர்களிற் பலர் வைகை நீரை உண்டு வளர்ந்தவர்கள். அந்நீரில் ஒரு பகுதி மலைக்கு அப்பாற் பிறந்த நீர் என்பதை அவர்கள் அறிந்திருப்பர். அது மலையைக் கடந்து வந்த விதத்தை அறிந்தவர் குறைவு.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் நிற்கின்றன. மேல்காற்று கொணரும் மழையெல்லாம் மேற்கு மலையின் அப்புறச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட, இப்புறம் வந்து சேர்வது காற்றொன்றே. சிவகிரி மலைகளிற் பிறக்கும் பெரியாறு, முல்லையாற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, அடர்ந்த காட்டின் வழியே மேற்கு நோக்கி ஓடி, அரபிக் கடலிற் கலக்கின்றது. மலைமுகட்டிற்கு இப்பாலோ, வைகைக் கரையில் மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களின் குடிகள் வானத்தையே நோக்கியிருந்தனர். ஒரு மலைத்தொடரின் இரு பக்கங்களில் மிகையும் பஞ்சமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் காட்சி தென்னாட்டிற் பிறிதோரிடத்தில் அரிது. ஆதலின், அவ்வாற்றை இப்பக்கம் திருப்பினால் என்ன என்னும் எண்ணம் பென்னிகுயிக் பிறப்பதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789-ஆம் ஆண்டில் பன்னிருவரை அக்காட்டிற்கு அனுப்பி, இடம் பார்த்து வரச் செய்தார். வேலை கூடும் என்றே அவர்கள் கூறினர். பொருள் இன்மையால் அம்முயற்சி அவ்வளவில் நின்றது. இதனை முதலிற் கருதியவர் நம்மவரே என்பதை, இவ்வணையின் பெருமையெல்லாம் மேலைநாட்டாருக்கே உரியதென எண்ணுவோர் நினைவிற்கொள்ளுதல் நன்று.

1808-ஆம் ஆண்டில் கும்பெனியாரின் எஞ்சினீயராகிய ஜேம்ஸ் கால்டுவெல் என்பவர் இடத்தை ஆராய்ந்து, இது கைகூடாத கனவு என்று எழுதிவிட்டார். 1850-ஆம் ஆண்டில் சின்ன முல்லையாற்றின் குறுக்கே ஒரு சிறிய அணை தொடங்கப்பெற்றது, காய்ச்சல் வேலையாட்களைத் துரத்தியது, எஞ்சியவர்கள் கூலி கூட்டிக் கேட்டனர், வேலை நின்றது. பின்னர் 1860-களில் ரைவ்ஸ் என்னும் அதிகாரி மண்ணணை ஒன்றைக் கட்டலாமென மதிப்பிட்டுக் கொடுத்தார். இத்தனை பேரும் கண்ட ஆறு ஒன்றே. எனினும் அவர்களைத் திருப்பியனுப்பியது ஆறன்று, அதனைச் சூழ்ந்திருந்த காடே என்று கூறுதல் பொருந்தும்.

ஜான் பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் நாள் பூனா நகரிற் பிறந்தார். தந்தையாரும் அதே பெயருடைய போர்வீரர். 1849-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியரோடு நிகழ்ந்த கடும்போரில் அத்தந்தையார் மாண்டார். பதினேழு வயதே நிரம்பிய மகன் அலெக்சாண்டர் தந்தையின் உடலைக் காத்து நின்று அவனும் அங்கேயே வீழ்ந்தான். தம்பியாகிய ஜானுக்கு எட்டாண்டு நிறைய இன்னும் இரண்டு நாளே இருந்தன. ஒரே நாளில் தந்தையையும் தமையனையும் இழந்த அச்சிறுவன், இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், பின் கும்பெனியார் அடிஸ்கோம்பில் நடத்திய இராணுவக் கல்விச்சாலையிலும் பயின்று, 1858-ஆம் ஆண்டில் சென்னை எஞ்சினீயர் படையில் லெப்டினென்ட் பதவி பெற்றார். 1860-இல் இந்தியா வந்து சேர்ந்தார். 1867, 1868-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அபிசீனியப் படையெடுப்பிலும் பங்கு கொண்டார். கடற்கரையிலிருந்து மலைமேல் உள்ள மக்தலாக் கோட்டை வரையில் வழியில்லா நாட்டில் வழி அமைத்துக்கொண்டே சென்ற படை அது. அங்கே போரினும் பாதை போடுவதே பெருவேலையாக இருந்தது. பின்னாளில் பெரியாற்றுக் காட்டில் அவர் செய்யவேண்டியிருந்த பணிக்கு இதனினும் தக்க பயிற்சி வாய்த்திராது.

1876-ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தைப் பாட்டன்மார் சொல்லக் கேட்ட தலைமுறை இப்பொழுது மறைந்துவிட்டது. இலட்சக்கணக்கான மக்கள் மடிந்த அப்பஞ்சத்தின் பின்னரே, தூங்கிக் கிடந்த பெரியாற்றுத் திட்டம் சர்க்கார் மேசைமேல் மீண்டும் விரிக்கப்பட்டது. 1882-இல் அதனைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. அவர் செய்த முதல் மாற்றம், மண்ணணையைக் கைவிட்டுச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட்டினால் உட்புறத்தையும், கருங்கல்லினால் முகப்பையும் அமைக்கக் கருதியதாகும். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த பொடி. இம்மாற்றத்தின் காரணத்தை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். மழைக்காலத்தில் திடீரெனப் பெருகும் ஆற்றின் குறுக்கே, அரைகுறையாக நிற்கும் மண்ணணையின் மேல் வெள்ளம் ஒரு முறை வழிந்தோடினால், அணை முழுதும் கரைந்து போகும். கற்கட்டோ, மேலே வெள்ளம் புரண்டு சென்றாலும், பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும். வெள்ளம் வடிந்தபின் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம். ஆண்டுதோறும் வெள்ளத்திடம் தோற்பது உறுதி என்று முன்னரே கணக்கிட்டு, தோற்றாலும் அழியாத அணையை வரைந்தார் அவர். இதனை அவருடைய அறிவின் சிகரமாக யான் மதிக்கின்றேன்.

நிலமோ திருவிதாங்கூர் ஸமஸ்தானத்திற்கு உரியது. நெடுங்காலப் பேச்சின்பின் 1886-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் நாள் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. திருவிதாங்கூர் சார்பில் திவான் இராமய்யங்கார் ஒப்பமிட்டார். ஏறக்குறைய 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டுக் காலம் என்பன அனைவரும் அறிந்த செய்திகள். அதே பத்திரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் உண்டு. அந்நிலத்தில் நிற்கும் மரங்களுள் அணைவேலைக்கு வேண்டியவற்றை விலையின்றி வெட்டி எடுத்துப் பயன்படுத்தும் உரிமையை அப்பிரிவு அளித்தது. வேண்டியவற்றை என்னும் அச்சொல்லைச் சிறிது மனத்தில் வைத்திருங்கள்; அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1887-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. வேலை என்றால் அணையன்று. முதலில் காட்டை வெட்டுதல். கடல்மட்டத்திற்குச் சற்றேறக்குறைய 3,000 அடி உயரத்தில், குடியிருப்பு ஒன்றுமில்லாத, பகலிலும் இருண்டு கிடக்கும் வனம் அது. ஈட்டியும் வேங்கையும் நாவலும் வெண்தேக்கும் வானளாவி நிற்க, அவற்றின் கீழே மூங்கிற் புதரும் பிரம்பும் கொடிகளும் பின்னிக் கிடந்தன. மன்னான், பளியர் என்னும் மலைமக்கள் அறிந்த ஒற்றையடித் தடங்களும், யானைகள் மிதித்து வைத்த தடங்களுமே அங்கே வழிகள். கூடலூருக்கு மேலே பளியன்குடியிலிருந்து மங்கலதேவியாகிய கண்ணகி கோயிலுக்கு ஏறும் பழம்பாதை ஒன்றும் உண்டு; சித்திரைப் பௌர்ணமியன்று அதன்வழி இன்றும் மக்கள் நடந்து ஏறுகின்றனர். ஆனால் கால்நடையாகச் செல்லும் பாதை வேறு. சுண்ணாம்பும் இயந்திரமும் இரும்பும் ஏற்றும் பாதை வேறு.

மலைக்காட்டில் வழி திறக்கும் முறையை அறியாதார், முன்னே நிற்கும் மரத்தை வெட்டிக்கொண்டே நேராகச் செல்வதுதான் அது என்று எண்ணுவர். அங்ஙனம் சென்றால் முதல் மழையிலேயே பாதை ஓடையாகிவிடும். தேர்ந்த எஞ்சினீயர் செய்வது வேறு. முதலில் அரிவாட்காரர் நால்வர் ஐவரை முன்னே விட்டு, ஒருவர் நடக்குமளவு தூறுகளை மட்டும் வெட்டச் செய்வார். அவர்களுக்குப் பின்னே மட்டக்கருவியோடு சென்று, ஏற்றம் எங்கும் ஒரே அளவாக இருக்குமாறு சரிவின் இடுப்பைச் சுற்றி முளையடித்துக்கொண்டு போவார். இருபதடி தூரத்திற்கு ஓரடி ஏறினால் மாட்டுவண்டி தாங்கும். அதனினும் செங்குத்தானால் மாடு மூச்சுவாங்கி நிற்கும். இலையும் சருகும் மூடிய தரையில் எது பாறை, எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் அதே தடத்தை இரண்டு மூன்று முறை மாற்றி அமைக்கவும் நேரும். தடம் உறுதியான பின்னரே கோடரிக்கு வேலை. பெரிய மரம் எதிர்ப்பட்டால், கூடுமானவரை வழியை வளைத்து அதனைச் சுற்றிச் செல்வதே மிச்சம். ஓர் அடிமரத்தை வேரோடு கல்லுவதற்கு ஆகும் ஆள்கூலியில், பாதையைப் பலகெஜ தூரம் வெட்டிவிடலாம். எனினும் பாதையின் நடுவில் அகப்பட்ட மரத்தின் வேரை மட்டும் விட்டுவைக்கலாகாது. மேலே மண்ணிட்டு மூடிவிட்டால், சில ஆண்டுகளில் அவ்வேர் உளுத்து உள்ளே குழி விழுந்து, வண்டிச்சக்கரம் அதில் இறங்கும். ஆதலால் வேரைச் சுற்றித் தோண்டி, பக்க வேர்களை அறுத்து, கடப்பாரையால் நெம்பி, அசையாவிடின் தீ மூட்டிச் சில நாள் புகையவிட்டுப் பின்னரே அகற்றுவர். கடைசியாக மலைப்பக்கம் வாய்க்கால். நீருக்கு வழி விடாத பாதை நிலைப்பதில்லை.

இக்காலத்தில் இருபத்தைந்து குதிரைத்திறன் கொண்ட ஒரு சிறிய டிராக்டர் இருந்தால், அடிமரத்தில் சங்கிலி பூட்டி ஒருமணிக்குள் இழுத்துப் போட்டுவிடலாம். மலைத்தோட்டக்காரர் இதனை நன்கறிவர். அச்சங்கிலியை வண்டியின் பின்புறத்தில் உயரமான இடத்தில் பூட்டினால், வேர் விடாதபோது முன்சக்கரம் மேலெழுந்து வண்டி ஓட்டுநர்மேற் புரளும் என்பதையும், தாழ்ந்த இழுப்புக்கொக்கியிலேதான் பூட்ட வேண்டும் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் நலம். பென்னிகுயிக் காலத்திலோ டிராக்டரும் இல்லை. பெட்ரோல் வாளும் இல்லை. கோடரி, இழுப்புவாள், கடப்பாரை, நெருப்பு, மனிதத் தோள் இவையே கருவிகள். தோள்கள் எங்கிருந்து வந்தன? சென்னைப் பயனியர் படையின் முதற் பட்டாளத்தையும் நான்காம் பட்டாளத்தையும் சேர்ந்த வீரர்கள் வந்தனர். பயனியர் என்போர் துப்பாக்கியோடு மண்வெட்டியும் ஏந்திப் படைக்கு வழி அமைக்கும் பட்டாளத்தார். கொச்சியிலிருந்து போர்ச்சுக்கீசியத் தச்சர்கள் வந்தனர். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தும் சமவெளிகளிலிருந்தும் கூலியாட்கள் வந்தனர். வந்தவர்களிற் பலர் காட்டைக் கண்டதும் திரும்பினர். அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. அட்டையும் காட்டானையும் இடைவிடாத மழையும் ஒருபுறமிருக்க, அக்காட்டில் இரவு தங்கியவன் உயிரோடு மீளான் என்னும் அச்சம் அடிவார மக்களிடையே வேரூன்றியிருந்தது. அது வெற்று மூடநம்பிக்கையன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

வழி திறந்தபின் பண்டங்களை ஏற்றுவது அடுத்த இடர். அணைக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கிற் கூடலூரை அடுத்த குருவனூற்றிலே கிடைத்தது. அணை கட்டும் இடமோ மலைக்கு மேலே, காட்டின் உள்ளே. மலையடியிலிருந்து முகட்டுக்குக் கம்பிவடத்தில் தொட்டிகளைத் தொங்கவிட்டு, நீர்விசையால் அவ்வடத்தை இழுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. முகட்டுக்கு அப்பால், சிற்றாறொன்றை மறித்து நீர் தேக்கிப் படகு செல்லும் கால்வாயாக்கி, பண்டங்களைப் படகேற்றி அணைக்குக் கொண்டுபோயினர். ஆற்றை அடக்குவதற்கு முன் ஆற்றின் துணையையே நாடியது இனிய சூழ்ச்சியன்றோ!

இனிக் காய்ச்சலைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறவேண்டும். ஒவ்வோராண்டும் கோடை தொடங்கியதும் முகாமில் மலேரியா பரவும். ஆண்டில் அம்மாதங்கள் வேலை நிறுத்தப்பெற்று, ஆட்கள் கீழே இறங்கிவிடுவர். நோயின் காரணம் காட்டினின்றும் சதுப்பினின்றும் எழும் நச்சுக்காற்றே என்பது அக்கால மருத்துவர் பலரின் கொள்கை. கொசுவே இந்நோயைக் கடத்துகின்றது என்பதற்குரிய முதற்சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். அஃதாவது அணை திறந்து ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழிந்தபின். தங்களைக் கொல்வது எது என்று அறியாமலே அம்மக்கள் அங்கே உழைத்தார்கள். வேர் கல்லிய குழிகளிலும், மண் எடுத்த பள்ளங்களிலும் தேங்கிய மழைநீர் எத்தனை கொசுக்களை வளர்த்திருக்கும் என்று இன்று நமக்கு எண்ணத் தோன்றுகின்றது. அணைவேலையின் எஞ்சினீயர்களுள் ஒருவரும், 1899-இல் அத்திட்டத்தின் வரலாற்றை எழுதி வெளியிட்டவருமாகிய மெக்கன்சி என்பார், நாட்டுச் சாராயத்தின் மருந்துக்குணம் இல்லாதிருந்தால் இவ்வணையே எழும்பியிராது என்னும் கருத்துப்பட எழுதியிருக்கிறார். கல்லூரிச் சஞ்சிகையில் எழுதத் தயங்கவேண்டிய செய்திதான். ஆயினும் குளிரிலும் நீரிலும் நின்று வேலைசெய்தார் நிலையை அது ஒருவாறு உணர்த்துவதால் விடாது கூறினோம்.

வேலைக்காலத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்தோர் 483 பேர் எனக் கணக்கு உண்டு. அவர்களை அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்தனர். ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மெக்கன்சியையும் லோகனையும் பள்ளத்தாக்கு மக்கள் இன்றும் பெயர் சொல்லிக் குறிக்கின்றனர். கோடரி பிடித்த கைகளின் பெயர்களோ ஊர்தோறும் தேடினாலும் அகப்படுமாறில்லை. ஒரு பெரியாரின் சரிதத்தை எழுதுங்கால் அவருடைய உறுதியை மெச்சுகின்றோம்; அவ்வுறுதியின் விலையை யார் கொடுத்தார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவைத்தால்தான் கணக்கு நேராகும்.

ஆற்றினுட் கால் வைத்தபோது முன்னரே எதிர்பார்த்த தோல்விகள் வரிசையாக வந்தன. அணையின் அடித்தளம் இடுவதற்கு ஆற்றைச் சிறிதுநேரமேனும் ஒதுக்க வேண்டும். அதற்கென எழுப்பிய தற்காலிக அணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு போயிற்று. பருவத்தில் செய்த வேலையை மழை ஓரிரவில் அழிக்கும். அடுத்த பருவத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். சென்னையிலிருந்த மேலதிகாரிகள் ஐயுற்றனர். பென்னிகுயிக் ஐயுறவில்லை என்று சொல்லமாட்டேன். அவர் உள்ளத்தை நாம் அறியோம். விடவில்லை என்று மட்டும் திண்ணமாகக் கூறலாம். கட்டு ஆற்றுமட்டத்திற்கு மேல் தலைதூக்கியபின், வெள்ளம் அதன்மேற் புரண்டு சென்றபோதிலும் அதனை அசைக்க இயலவில்லை. 1882-ஆம் ஆண்டில் காகிதத்தில் வரைந்த எண்ணத்தின் மெய்ம்மை அங்கே விளங்கிற்று.

அணையோடு வேலை முடிவதில்லை. தேங்கிய நீரைக் கிழக்கே கொணர, தேக்கடியிலிருந்து மலைமுகட்டின் கீழே சுரங்கம் குடைய வேண்டும். காற்றை அழுத்தி அவ்விசையால் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களைக் கொண்டும், வெடிமருந்தைக் கொண்டும் 5,704 அடி நீளம் குடைந்தனர். அச்சுரங்கத்தின் வழியாக இப்புறம் விழும் நீர், வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கூடி, வைகையிற் கலந்து, பேரணையில் பிரிந்து மேலூர் வரையில் வயல்களுக்குப் பாய்கின்றது. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும், 1,200 அடி நீளமும் கொண்ட அவ்வணையைச் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் திறந்துவைத்தார். திட்டத்திற்கு ஆன செலவு 80 இலட்சம் ரூபாய்க்கும் மேல். அடுத்த பத்தாண்டுகளுக்குள்ளாகவே ஓர் இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அந்நீரைப் பெற்றது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒருபோகமும் ஐயமாயிருந்த நிலம் இருபோகம் விளையத் தொடங்கிற்று.

இடையிலே பணம் நின்றுபோனதாகவும், பென்னிகுயிக் தாய்நாடு சென்று தம் சொத்துக்களையும் மனைவியார் நகைகளையும் விற்று வந்து அணையை முடித்ததாகவும் பள்ளத்தாக்கில் ஒரு கதை வழங்குகின்றது. குழந்தைகளுக்கும் இது தெரியும். எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட அச்செலவு சென்னை அரசாங்கத்தின் கணக்கிலே ஏறிய செலவு. ஒரு எஞ்சினீயரின் வீட்டுச் சொத்தால் ஈடுசெய்யத்தக்க தொகையன்று. ஆதலின் யான் இதனை வரலாறாக எழுதத் துணியேன். ஆனால் இக்கதையைப் பழித்துரைக்கவும் மனம் வரவில்லை. நம் நாட்டில் ஏரி வெட்டினவனும் சத்திரம் கட்டினவனும் தன் பொருளைச் செலவிட்டே செய்தான். பிறர் பணத்தைக் கொண்டு ஒருவன் இவ்வளவு பாடுபடுவான் என்பதைக் குடியானவர் மனம் ஏற்கவில்லை போலும். சம்பளத்திற்கு வந்தவன் சம்பளத்தைக் கடந்து உழைத்தான் என்பதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த மொழி அக்கதை.

இப்பொழுது குத்தகைப் பத்திரத்தின் அச்சொல்லுக்கு வருவோம். வேலைக்கு வேண்டிய மரங்களை வெட்டினார்கள். பாதைக்கும், முகாமுக்கும், அணையின் இடத்துக்கும் தடையானவற்றை அகற்றினார்கள். நீர் பரவப்போகும் பரப்பிலே நின்ற எஞ்சிய பெருங்காட்டை வெட்டித் தீர்க்க ஆளும் இல்லை, பொழுதும் இல்லை, வெட்டிய மரத்தை வெளியே கொண்டுபோக வழியும் இல்லை. ஆகவே நீர் ஏறியபோது அம்மரங்கள் நின்றவாறே மூழ்கின. தேக்கடியிற் படகேறிச் செல்வோர், ஏரியின் நடுவிலே கரிய அடிமரங்கள் நூற்றுக்கணக்கில் தலைநீட்டி நிற்பதைக் காண்பர். 1895-ஆம் ஆண்டு நீர்க்குள்ளான காட்டின் எலும்புகள் அவை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் முற்றும் உளுத்துப்போகாமல் நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றின்மீது சிறகுலர்த்துகின்றன. படகோட்டிகளோ அவற்றில் மோதாமல் வளைந்து செல்லப் பழகியிருக்கின்றனர்.

மரங்களை மூழ்கடித்த அதே ஏரி, எஞ்சிய காட்டைக் காத்தது என்பதும் விந்தையே. ஏரிக்கு நீர் வரத்துக் குறையலாகாதென அதனைச் சூழ்ந்த வனம் 1899-இல் ஒதுக்குக் காடாக்கப்பட்டது. 1934-இல் திருவிதாங்கூர் அரசு அங்கே நெல்லிக்காம்பட்டி வேட்டைத்தடைச் சரணாலயத்தை ஏற்படுத்தியது. 1950-இல் அது பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. பென்னிகுயிக் இவற்றையெல்லாம் கருதினார் என்று கூறுதல் முகமன். அவர் கருதியது நீர் ஒன்றையே. இருப்பினும் ஏலமும் தேயிலையும் பயிரிடுவதற்காகச் சுற்றுமலைகள் மொட்டையாகிய காலத்தில், இவ்வொரு பகுதியிற் கோடரி நின்றதற்கு அந்நீரே காரணமாயிற்று. அணையின் நீர்மட்டத்தைக் குறித்து 1979-ஆம் ஆண்டு முதல் இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்கை இங்கே விரிக்கவில்லை. 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாமெனத் தீர்ப்பளித்தது என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

அணை முடிந்த 1895-ஆம் ஆண்டிலேயே பென்னிகுயிக்குக்கு ஸி.எஸ்.ஐ. என்னும் பட்டம் கிடைத்தது. சென்னை மாகாணத்தின் தலைமை எஞ்சினீயராகவும் சட்டசபை அங்கத்தினராகவும் அவர் விளங்கினார். 1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்திலிருந்த இந்திய எஞ்சினீயரிங் கல்லூரியின் தலைவராக இருந்து, இந்நாட்டுக்கு வரவிருந்த இளைஞர்களைப் பயிற்றினார். பெரியாற்றைத் திருப்பியது பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு இலண்டன் சிவில் எஞ்சினீயர் சங்கத்தார் டெல்போர்டு பதக்கம் அளித்தனர். 1899-இல் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து அரசினர் பிரிஸ்பேன் ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்கும் வகையை ஆராய அவரை அழைத்தனர். வெள்ளத்தோடு பழகியவரைத் தேடி வெள்ளம் கடல் கடந்தும் அழைத்தது போலும். 1879-இல் கிரேஸ் சாமியர் என்னும் மங்கையை மணந்த அவருக்குப் பெண்மக்கள் ஐவரும் ஆண்மகவு ஒன்றும் பிறந்தனர். அம்மகனார் பின்னாளில் இங்கிலாந்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாயினார்.

1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ஆம் நாள், தம் எழுபதாவது வயதில், கேம்பர்லி என்னும் ஊரில் பென்னிகுயிக் காலமானார். அருகிலுள்ள ஃபிரிம்லி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடும் வழக்கம் உண்டு. கடைகளிலும் வீடுகளிலும் சாமிப்படங்களுக்கு அருகில் மீசை வைத்த அவ்வெள்ளையரின் படம் தொங்கும். தேனியின் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. லோயர் கேம்பில் தமிழ்நாட்டு அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் திறக்கப்பட்டது. 2022-இல் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை அமைத்தது. அவர் பிறந்தநாள் பொங்கலை ஒட்டி வருவதால், தேனியை அடுத்த பாலார்பட்டி மக்கள் அன்று அவருக்கென்று பொங்கல் வைக்கின்றனர். அப்பானையில் ஏறும் நீரும் சுரங்கத்தின் வழியே இறங்கி வந்த நீர்தான்.